மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்

லெனார்டு ஜூர்கோ தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் ஆடியது மொத்தம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். அதற்குத் தயாராவதற்கு அவருக்கு இருபது வருடம் பிடித்தது. அதை ஊர் மன்னிப்பதற்கு முப்பது வருடம் போதவில்லை. மன்னித்ததா இல்லையா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் அதுவும் சரியாகத் தெரியவில்லை.

கோல்வின், மொனாங்ககீலா ஆற்றங்கரையில் செங்குத்தான தெருக்களில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். கீழே உருக்காலை, மேலே தேவாலயங்கள், நடுவே பள்ளிக்கூட மைதானம். வெள்ளிக்கிழமை மாலையில் பிணம் விழுந்தால்கூட ஆட்டம் முடிந்த பிறகுதான் அழ ஆள் வரும். இந்த ஊரில் பிறந்த பருமனான பையனுக்குத் தலையெழுத்து முன்கூட்டியே தெரியும். அவனைத் தாக்கும் வரிசையின் நடுவில் நிறுத்துவார்கள். குனிந்து, பந்தைத் தன் காலிடுக்கு வழியே பின்னால் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு, எதிரே இருப்பவனை முட்டித் தள்ள வேண்டும். சென்டர் என்று பெயர். ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்கி வைப்பவன் அவன்தான். எந்த ஆட்டமும் எப்படி முடிந்தது என்று அவனுக்குத் தெரியாது. முகம் புல்லில் இருக்கும்.

லென் நல்ல சென்டர். இதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய அண்ணன் எமில். எட்டு வயது மூத்தவர், ஆலையில் உலை வேலை. தம்பிக்கு முதல் ஆணிக்காலணி வாங்கித் தந்தது எமில்தான். அப்பாவுக்கு ஃபுட்பால் காலணியும் பியானோவும் ஒரே வகை ஆடம்பரம். பள்ளி ஆட்டங்களில் எமில் இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. இடதுபக்க வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எல்லோரும் பந்து போகும் திசையைப் பார்க்கும்போது அவர் மட்டும் பந்து கிளம்பிய இடத்தைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் விசாரணை நடக்கும்.

"மூணாவது தடவை வலது கால் பின்னால போச்சு. ஏன்டா?"

"வழுக்கிடுச்சு அண்ணே."

"வழுக்கினா முன்னால வழுக்கு."

ஒரு சின்னக் கல்லூரியில் லென் நான்கு வருடம் ஆடினார். பிறகு பக்கத்து நகரத்துத் தொழில்முறை அணியின் கோடைப் பயிற்சி முகாமுக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் கடைசி வாரத்தில் கையில் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது எமில் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார். வண்டியில் ஏறியதும், அடுத்த வருஷம் எடை கொஞ்சம் கூட்டணும் என்றார். அடுத்த வருடம் லென்னை யாரும் கூப்பிடவில்லை. அதற்கும் அடுத்த வருடம் ஆலையை மூடினார்கள்.

எமில் அப்போது உருக்காலைத் தொழிலாளர் சங்கத்தில், ஆட்களின் குறைகளை நிர்வாகத்திடம் கொண்டுபோகும் முறையீட்டுக் குழுவில் இருந்தார். வேலை போன பிறகும் குழு கூடியது. முறையிட ஆலை இல்லாவிட்டாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? லென் ஒரு பேக்கரியின் வண்டி ஓட்டினார். ரோசலியைக் கல்யாணம் செய்துகொண்டு, அண்ணன் வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே குடிவந்தார்.

எண்பத்தேழாம் வருட இலையுதிர் காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடு முழுக்க எல்லா அணிகளும் வெளியே வந்தன. முதலாளிகள் ஒரு வாரம் பார்த்தார்கள். பிறகு, ஆட்களா இல்லை என்று வெளியிலிருந்து ஆட்களைத் திரட்டினார்கள். மதுக்கடைக் காவலாளி, உடற்பயிற்சி ஆசிரியர், காப்பீட்டு முகவர் என்று யாருக்கெல்லாம் ஒரு காலத்தில் முகாமில் கால் வைத்த நினைவு இருந்ததோ அவர்களுக்கெல்லாம் தொலைபேசி மணி அடித்தது. லென்னுக்கும் அடித்தது.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கருங்காலி. கோல்வினில் அதற்குச் சமமான சொல்லைக் குழந்தைகள் முன்னால் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் திருடன் உண்டு, குடிகாரன் உண்டு, இரண்டு குடும்பம் வைத்திருந்தவர் ஒருவர் தேவாலயப் பாடகர் குழுவில் உண்டு. மறியலைத் தாண்டி உள்ளே போனவன் மட்டும் கிடையாது. ஐம்பத்தொன்பதாம் வருட வேலைநிறுத்தத்தில் ஒருவன் போனான். அவன் வீட்டை இன்றும் அவன் பெயரால் யாரும் சொல்வதில்லை.

லென் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை தெருவைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றார்.

"கூப்பிட்டிருக்காங்க."

எமில் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை கரைந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

"எந்த இடத்துக்கு?"

"சென்டர்."

"ஆரம்பத்துலேருந்தா, மாத்தாளாவா?"

"ஆரம்பத்துலேருந்து."

எமில் தலையாட்டினார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லென் போயிருக்க மாட்டார். எமிலுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சொல்லவில்லை. போ என்று சொல்ல மட்டும் அவரால் எப்படி முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை உருக்காலைச் சங்கத்துக்காரர்கள் நகரத்து மைதான வாசலுக்கு ஆதரவு மறியலுக்குப் போனார்கள். எமில் முன்வரிசையில் நின்றார். வேலை இல்லாத ஒருவர், ஒரு பிற்பகலில் தன் வருடச் சம்பளத்தைச் சம்பாதிக்கிறவர்களுக்காகக் கையில் அட்டை பிடித்து நின்றார். அவருடைய தம்பி, வாழ்நாளில் சந்தித்திராத கோடீசுவர முதலாளிகளுக்காக, ஜன்னலில் முட்டை வழியும் பேருந்தில் உட்கார்ந்து உள்ளே போனார். இரண்டு பேரும் செய்ததில் எது அதிகப் பைத்தியக்காரத்தனம் என்று தீர்ப்புச் சொல்ல வேறு ஊரிலிருந்துதான் ஆள் வர வேண்டும்.

பேருந்து ஊர்ந்து போனபோது லென் அண்ணனைப் பார்த்தார். எமில் முட்டை எறியவில்லை. கத்தவும் இல்லை. வண்டி பக்கத்தில் வந்ததும் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டார்.

மூன்று வாரமும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை லென்னின் வாழ்க்கையில் நடக்க வேண்டியது நடந்தது. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் இருக்கும்போது, முந்தைய மாதம்வரை காப்பீடு விற்றுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பந்து நழுவியது. சேற்றில் குப்புறக் கிடந்த லென்னின் நெஞ்சுக்கு அடியில் வந்து அது நின்றது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம். டச்டவுன், ஆறு புள்ளி. சென்டர்கள் முழு ஆயுளும் ஆடி, ஒன்று கூட அடிக்காமல் ஓய்வு பெறுவார்கள். பாதி காலியான அரங்கம் எழுந்து கத்தியது. லென் மூக்கில் சேற்றோடு எழுந்து, யோசிக்காமல் இடதுபக்க வேலியைப் பார்த்தார். அங்கே தொப்பி விற்கும் ஒருவன் மட்டும் நின்றிருந்தான்.

அந்த வாரமே வேலைநிறுத்தம் முடிந்தது. உண்மையான ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தார்கள். லென் தன் பையோடு வெளியே வந்தார். அந்த அனுபவம் அவருக்குப் புதிதல்ல.

ஊர் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. எமிலும் உறவை வெட்டிக்கொள்ளவில்லை. வெட்டியிருந்தால் ஒருநாள் ஒட்டவைக்கலாம். மறு வாரமே வந்து லென் வீட்டுக் கொதிகலனைப் பழுது பார்த்துக் கொடுத்தார். நவம்பர் கடைசியில் வழக்கம்போல இருவரும் சேர்ந்து மான் வேட்டைக்குப் போனார்கள். அம்மாவின் சவப்பெட்டியை முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்கினார்கள். எல்லாம் பேசினார்கள். ஃபுட்பால் மட்டும் பேசவில்லை. கோல்வினில் இரண்டு ஆண்கள் ஃபுட்பால் பேசாமல் முப்பது வருடம் பழகுவதென்றால் அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நன்றித் திருநாள் விருந்தன்று நாடே ஃபுட்பால் பார்க்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எமில் வீட்டில் மட்டும் அது அணைந்திருக்கும். புது மருமகள்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

லென் பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஆனார். ஓட்டுநர் சங்கத்தில் சேர்ந்தார். சந்தா ஒரு மாதம் தவறியதில்லை, கூட்டம் ஒன்று தவறியதில்லை. எப்போதும் கடைசி வரிசை. கையைத் தூக்குவார், வாயைத் திறக்க மாட்டார்.

அந்த டச்டவுன் கதையை அவர் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. ரோசலிக்கே சுருக்கம்தான் தெரியும். முதலில் கேட்க வேண்டிய ஆள் கேட்கட்டும் என்று வைத்திருந்தார். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தைக் கொட்டகைக்கு ஓட்டி வரும்போது மட்டும் மனசுக்குள் அண்ணனுக்குச் சொல்லிப் பார்ப்பார். பந்து நழுவிய இடத்திலிருந்து ஆரம்பிப்பதா, காப்பீட்டுக்காரரிடமிருந்து ஆரம்பிப்பதா? எங்கே நிறுத்தினால் எமில், ஏன்டா என்பார்? சில நாள் நன்றாக வரும். அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டும் கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

முப்பதாவது வருடம், ஓய்வு பெறும் வயதுக்குச் சற்று முன்னால், நகரத்து அணியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அணியின் சட்டை போட்டு ஆடி இன்னும் உயிரோடிருக்கிற எல்லோரையும் அழைத்து, இடைவேளையில் மைதானத்தில் நிறுத்தி, பெயர் சொல்லிக் கௌரவிக்கப் போகிறார்களாம்.

"அந்த மூணு வாரத்து ஆளுங்களையுமா?" என்று லென் கேட்டார்.

"எந்த மூணு வாரம் சார்?" என்றாள் அவள். அப்போது பிறந்தேயிருக்க மாட்டாள். வெட்கப்பட வேண்டியவர்கள் மறந்துவிட்டார்கள். கோல்வின்தான் அவர்களுக்கும் சேர்த்து நினைவு வைத்துக்கொண்டிருந்தது.

லென் தெருவைத் தாண்டிப் போனார். எமில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம நகரத்துக்குப் போறேன். மைதானத்துக்கு. பழைய ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டிருக்காங்க."

சுரண்டல் நின்றது. லென் காத்திருந்தார்.

"பாலத்துல வேலை நடக்குது," என்றார் எமில். "சுரங்கப்பாதை வழியா போ."

லென் வீட்டுக்கு வந்து, அவ்வளவுதான் என்று ரோசலியிடம் சொன்னார். "வழி சொல்லியிருக்காருல்ல," என்றாள் அவள். "போகாதேன்னா ஏன் வழி சொல்றாரு?" பேசத் தெரியாத ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இந்த மாதிரி மொழிபெயர்ப்பு கைவந்துவிட்டிருந்தது. லென் நம்பவில்லை. இருந்தாலும் சுரங்கப்பாதை வழியாகத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த நீலக் கோட்டு அக்குளில் பிடித்தது. மைதானத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு அவரும் ரோசலியும் நடந்தார்கள். வாசலுக்கு வந்ததும் லென் நின்றார்.

அரங்கத்துக்குள் சாப்பாட்டுக் கடை போடுகிறவர்கள் அன்று காலைதான் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தார்கள். கடைகளை நடத்தும் கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. அட்டை பிடித்த ஆண்களும் பெண்களும் வாசலின் இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். நடுவில் வழி விட்டிருந்தார்கள். அந்த வழியில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. தன்னைப் போலவே கோட்டு போட்ட இரண்டு பழைய ஆட்டக்காரர்கள் கையசைத்துவிட்டு உள்ளே போவதையும் லென் பார்த்தார்.

"லென், அவங்க யாரையும் தடுக்கல," என்றாள் ரோசலி.

"தெரியுது."

"நீ இங்க வேலை செய்ய வரல. உன்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"அன்னிக்கும் கூப்பிட்டுத்தான் போனேன்."

அருகில் அட்டையோடு நின்ற பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெர்னெட்டா என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது, ஐம்பது வயதிருக்கும். "தாராளமா உள்ள போங்க சார்," என்றாள். "சீட்டு வெச்சிருக்கவங்களை நாங்க ஒண்ணும் சொல்றதில்ல. உள்ள ஒண்ணும் வாங்கித் திங்காம இருந்தா சரி."

இதைவிடத் தெளிவான அனுமதி இருக்க முடியாது. மறியல் செய்கிறவர்களே போ என்கிறார்கள். கோல்வின்காரனைத் தவிர வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். லென் காலை எடுத்து வைக்கப் பார்த்தார், கால் வரவில்லை. கடைசியில் ஓரமாகப் போய்ச் சுவரோரம் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து வெர்னெட்டா வந்தாள். "சும்மாதான நிக்கிறீங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க. எனக்குத் தோள் விட்டுப்போச்சு." லென் அட்டையை வாங்கிப் பிடித்தார். ரோசலி பக்கத்துத் தெருவில் எல்லோருக்கும் காபி வாங்கப் போனாள்.

இடைவேளையில் ஒலிபெருக்கி பெயர்களைச் சொல்லத் தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் உள்ளே கைதட்டல் எழும்பி அடங்கியது. ஜூர்கோ, லெனார்டு, சென்டர் என்று சுவருக்கு மேலே கேட்டது. கைதட்டல் எழுந்தது, சற்றுக் குழம்பியது, நின்றது. அடுத்த பெயரைச் சொன்னார்கள்.

"யாரோ வரல போல," என்றாள் வெர்னெட்டா.

"ஆமா," என்றார் லென். அட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ரோசலி அவர் முழங்கால்மேல் கை வைத்திருந்தாள். லென்னுக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு யோசனைதான். இப்போதாவது அண்ணனிடம் போய்ச் சொல்லலாம்: இந்த முறை நான் மறியலைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகாவது அந்த டச்டவுன் கதையைக் கேட்பார்.

தெருவில் எமில் வீட்டு முன்னால் வழக்கத்துக்கு மாறாக வண்டிகள் நின்றன. லென் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே பழைய முறையீட்டுக் குழுவில் மிச்சமிருந்த கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முட்டைக்கோசு நூடுல்ஸ் தட்டுகள், பியர். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எமில் சலவைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருந்தார்.

"எங்கடா போன?" என்றார். "உன் பேரைச் சொன்னான். நீ வரல."

லென்னுக்கு ஒன்றும் புரியவில்லை. "வாசல்ல மறியல்," என்றார்.

ஸ்டாஷ் என்பவர், குழுவின் பழைய செயலாளர், தட்டைக் கீழே வைத்தார். "எந்தச் சங்கம்?"

"சாப்பாட்டுக் கடைக்காரங்க. ஒப்பந்தம் முடிஞ்சு மாசக்கணக்காச்சாம்."

ஸ்டாஷ் தலையசைத்தார். நியாயமான மறியல்தான். மற்றவர்களும் தலையசைத்தார்கள். எமில் மட்டும் அசைக்கவில்லை.

"நீ உள்ள போயிருக்கலாம்," என்றார்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். கெழட்டுக் கழுதை, நீ உள்ள போயிருக்கலாம்."

விஷயத்தை ஸ்டாஷ்தான் விளக்கினார். மறியலைத் தாண்டி ஆடியவனை இத்தனை வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் பார்ப்பது, மறியலைத் தாண்டுவது ஆகுமா ஆகாதா? புதன்கிழமை குழு கூடி, முறைப்படி தீர்மானம் போட்டு, விவாதித்து, வாக்கெடுத்தார்கள். தாண்டுவது ஆகாது, பார்க்கலாம் என்று முடிவாயிற்று. எதிர்த்து ஒரே ஒரு வாக்கு.

"யாரு?" என்றார் லென்.

"வேற யாரு? ஒங்க அண்ணன்தான்." ஸ்டாஷ் பியரை எடுத்துக்கொண்டார். "பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்பட்டாகணும்ல? காலையிலயே சட்டையைத் தேய்ச்சுப் போட்டுட்டு வந்து உக்காந்துட்டாரு."

கிழவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைசி ஆள் போனதும் எமில் தொலைக்காட்சியை அணைத்தார். தம்பிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பார்வை லென்னின் முகத்தில் இல்லை, கால்களில் இருந்தது.

"சொல்லு," என்றார். "மூணாவது வாரம். உள்ளேருந்து ஒரு சத்தம் வந்துச்சு. என்ன ஆச்சு?"

லென் வாயைத் திறந்தார். இத்தனை வருடம் காலிப் பேருந்தில் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை. பந்து நழுவியது, தன் அடியில் வந்தது, எழுந்து பார்த்தால் நடுவர் கையைத் தூக்கியிருந்தார் என்று சொல்லி முடித்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"தரை எப்படி இருந்துச்சு?"

"சேறு. ரெண்டாம் பாதியில மழை பிடிச்சுது."

"ரெண்டாம் பாதியா?" எமில் நிமிர்ந்தார். "ஆட்டம் ஆரம்பிக்கும்போதே மழை. வெளிய நின்னவனுக்குத் தெரியாதா?"

"உள்ள நான் நின்னேன் அண்ணே."

"நீ குனிஞ்சுகிட்டு இருந்த. நான்தான் நனைஞ்சேன். என் அட்டையில எழுத்தெல்லாம் வழிஞ்சுபோச்சு. முதல்லேருந்து சொல்லு. மழையிலேருந்து சொல்லு."

லென் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மழையை முதல் பாதிக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.